ரேவதி மாற்றவில்லை

கண்ணு,

வியாழக்கிழமையிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. பெட்டி கட்டுகிறாய், கம்பெனியில் வேலையை ஒப்படைக்கிறாய், ஜெர்மனிக் குளிருக்கு உடுப்பு வாங்க அலைகிறாய், எல்லாம் தெரியும். போனை எடுக்காததற்குக் காரணம் அதுவல்ல என்பதும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபப்படுவதாக இருந்தால் இப்போதே கோபப்பட்டுவிட்டு மீதியைப் படி. இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. திங்கட்கிழமை காலை நம் ஊர்ச் சச்சிவாலயத்தில், நீ சின்ன வயதில் பார்த்த அதே பஞ்சாயத்து ஆபீசில், மண்டல் தாசில்தார் ஆபீஸ் அதிகாரிகள் விசாரணைக்கு வந்து உட்காரும்போது இதை எல்லார் முன்னாலும் படிக்கப்போகிறேன். ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்று இன்றைக்கே போனில் அனுப்புகிறேன்.

அன்று அங்கே ரேவதியைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. உனக்கு அவளைத் தெரியும். சங்கராந்திக்கு நீ வந்து பள்ளிக்கூடத்து டிவியைச் சரிசெய்தபோது, ஒவ்வொரு ஒயரையும் இது எதற்கு, இது எதற்கு என்று கேட்டு உன் உயிரை வாங்கினாளே, அவள்தான். இணையத்தில் இருக்கும் வரைபடத்தில் ஒரு சொல்லை நீதானே மாற்றினாய் என்று அவளைக் கேட்கப்போகிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று எங்கள் ஹெட்மாஸ்டர் முதல் எல்லாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் மாற்றவில்லை. மாற்றியது நீ. இந்த ஊரில் இது தெரிந்தவர்கள் நானும் உன் நைனாவும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் சரியில்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

படிக்கும்போது கேட்கிறவர்களுக்கும் புரிய வேண்டும், ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். நான் பாடம் எடுப்பது அறிவியல். அதில் ஒரு பகுதிக்கு எங்கள் தெலுங்குப் புத்தகத்தில் 'சுஸ்திர அபிவிருத்தி' என்று பெயர். பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு வாசலிலேயே மறந்துவிட்டு வருகிற பெயர். தண்ணீரையும் மண்ணையும் நம்மோடு தீர்த்துவிடாமல் பின்னால் வருகிறவர்களுக்கும் வைத்துவிட்டுப் போகிற படிப்பு என்று நான் சொல்லிக்கொடுப்பேன். பள்ளிக்கூடத்துக்குப் பெரிய டச் டிவி வந்ததும், இணையத்தில் அகப்பட்ட பாடத்தையெல்லாம் போட்டுப் பார்த்தேன். பனிக்கரடி வந்தது. ஐஸ் உருகியது. பிள்ளைகள் கரடிக்காக ரொம்ப வருத்தப்பட்டார்கள், மணி அடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு சோற்றுக்கு ஓடிவிட்டார்கள். இன்னொரு பாடம், நீங்கள் வருஷத்தில் எத்தனை முறை விமானத்தில் போகிறீர்கள் என்று கேட்டது. "மேல போறத அண்ணாந்து பாத்ததுக்கு மார்க்கு உண்டா மேடம்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். மற்றொன்று ஷவரில் குளிக்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்னது. ஒரு பக்கெட்டை வைத்துக்கொண்டு அண்ணன் தங்கை மூன்று பேர் குளித்துவிட்டு வருகிற வகுப்பில் இதை எப்படி நடத்துவது?

அன்று சாயங்காலம் உன்னைப் போனில் பிடித்துத் திட்டினேன். நீ பள்ளிப் பாடங்கள் செய்யும் அந்தப் பெங்களூர்க் கம்பெனியில் சேர்ந்த புதிது. பூமி முழுக்க உங்களுக்குத் தெரிகிறது, ஆந்திராவில் குப்பம் ஸ்டேஷனைத் தாண்டினால் ஒரு ஊர் இருப்பது மட்டும் தெரியவில்லையா என்று கேட்டேன். நீ சிரித்தாய். "சரிம்மா, நம்ம ஊருக்குன்னு ஒண்ணு பண்றேன், திட்டாதே" என்றாய். சொன்னபடி செய்தாய். உன் பாடத்தில் கரடி இல்லை. சின்ன வீடியோ ஒன்று. அது முடிந்ததும், இப்போது டிவியை அணைத்துவிட்டு வெளியே போங்கள் என்று பாடமே சொல்லும். உங்கள் ஊரில் மழை எங்கே விழுகிறது, எப்படி ஓடுகிறது, எங்கே போய் நிற்கிறது, நின்றால் யாருக்கு நல்லது என்று நடந்து பார்த்துவிட்டு வந்து இணைய வரைபடத்தில் குறிக்க வேண்டும். குறித்த பிள்ளையின் பெயர் அடியில் வரும். வேறு ஜில்லாப் பள்ளிக்கூடங்களும் அவரவர் ஊரைக் குறித்திருந்தார்கள். என் மகன் செய்த பாடம் என்று ஆசிரியர் அறையில் நான் அடித்த தம்பட்டத்தில், என்னைக் கண்டாலே சாக்பீஸ் எடுக்கப் போகிறேன் என்று எழுந்துவிடுவார்கள்.

பிள்ளைகளோடு நடந்தேன். ஊருக்குக் கிழக்கே இருக்கிற பாறை உனக்கு நினைவிருக்கும். மழை பெய்தால் அதன் முதுகில் வழிந்து அடியில் இருக்கிற குட்டையில் வந்து நிற்கும். நிற்கிறவரை மாடு குடிக்கும், வற்றினால் கிரிக்கெட் நடக்கும். அரசாங்கப் பதிவேட்டில் அந்தக் குட்டையே கிடையாது. பாறை, அடிவாரம், குட்டை எல்லாவற்றையும் சேர்த்து மலைப் புறம்போக்கு என்று எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். வகுப்பே வீடு வீடாகப் போய், எந்த வருஷம் யார் கிணற்றில் தண்ணீர் ஊறியது என்று பெரியவர்களைக் கேட்டது. ரேவதி ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "மேடம், குட்ட நெறஞ்ச வருசம் எங்க கெணறு ஊறிக்கினு இருந்துச்சாம். குட்ட காஞ்ச வருசம் எங்கம்மா பொலம்பிக்கினு இருந்துச்சாம். ரெண்டும் ஒண்ணு மேடம்!" பாடம் புரிந்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. உன் பாடம், என் பிள்ளை, நம் ஊர்த் தண்ணீர். அதைவிட ஒரு டீச்சருக்கு என்ன வேண்டும்?

அந்தக் குட்டையைக் குறிக்கும்போதுதான் வினை வந்தது. நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது தெலுங்கு. வீட்டில் பேசுகிற 'குட்ட'யை ரேவதி தெலுங்கு எழுத்தில் அப்படியே எழுதினாள். தெலுங்கில் அப்படி ஒரு நீர்நிலை இல்லை. ஆனால் அதே சொல்லின் முதல் எழுத்தைத் 'தங்கம்' என்பதில் வருகிற 'க'வைப் போல மென்மையாகச் சொன்னால் தெலுங்கில் பாறைக்குன்று என்று அர்த்தம். எழுத்துப்பிழையைத் திருத்துவதற்கு நீங்கள் வைத்திருந்த பெட்டி, இதையா எழுத நினைத்தாய் என்று கேட்டு அந்தச் சொல்லைக் காட்டியது. டிவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் தொட்டுவிட்டாள். குட்டை குன்றாகிவிட்டது. ஆசிரியர் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும் அல்லவா? நான்தான் கொடுத்தேன். வரிசையாகப் பச்சை நிறத்தில் சரி, சரி என்று விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிரச் சொல்லைப் பார்க்கவில்லை.

எனக்கு அது தெரியாத சொல்லா? நான் திருப்பதியில் பி.எட். படித்தபோது திருச்சானூரில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருந்தேன், ஷேர் ஆட்டோவில் முட்டி இடிபட வகுப்புக்குப் போவேன். பயிற்சி வகுப்புக்கு ரேணிகுண்டா பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். முதல் நாள், மீன் எங்கே வாழும் என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, பதிலையும் நானே கம்பீரமாகச் சொன்னேன், குட்டையில் என்று. வகுப்பு ஒரு நிமிஷம் விழித்தது. பிறகு ஒரு பெண், "மேடம், மீன் மலை ஏறுமா?" என்று கேட்டதும் கூரை பறக்கச் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க ஆட்டோவில் அந்த இரண்டு ஒலிகளையும் மாற்றி மாற்றி முணுமுணுத்துக்கொண்டு போவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் திருச்சானூர்த் தாயாருக்கு ஏதோ சுலோகம் சொல்லுகிறேன் என்று நினைத்துக் காலை ஒடுக்கி இடம் விட்டார்கள். அப்படிக் கற்ற சொல்லைத்தான் என் கண் முன்னாலேயே கோட்டைவிட்டேன்.

சிரித்துவிட்டு விட்டுவிடுகிற பிழையாக இது இருந்திருக்கும், அந்தப் பாறைமேல் குவாரிக்காரர்கள் கண் வைக்காமல் இருந்திருந்தால். நாடு வெளிநாட்டு வியாபாரத்துக்குக் கதவைத் திறந்த பிறகு நம் பக்கத்திலிருந்து இரண்டு சரக்குகள் வெளியே போயின. ஆம்பிளைகள் பெங்களூருக்குப் போனார்கள், பாறை கப்பலுக்குப் போனது. உன் நைனாவும் விடியலில் குப்பத்து ரயிலைப் பிடித்து சென்ட்ரிங் வேலைக்குப் போனவர்தான். ஆகையால் குவாரியே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ரேவதியின் நைனாவே இன்னொரு குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றுகிறவர், அவர்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. ஆனால் நீர்நிலையை ஒட்டிக் குவாரி கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பாறைக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாகத் தெரிந்ததும், அடியில் குட்டை இருக்கிறது, கீழ்ப்பக்கத்துக் கிணறெல்லாம் அதை நம்பித்தான் இருக்கிறது என்று ஊரில் சிலரோடு நானும் மண்டல் ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். விண்ணப்பம் போட்டவரின் ஆள் சிரித்த முகத்தோடு ஒரு தாளை எடுத்து நீட்டினார். உன் வரைபடம். குட்டை இருக்கிற இடத்தில் குன்று. அடியில் ரேவதி பெயர், எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர், ஆசிரியர் ஒப்புதல் என்ற பச்சைக் குறி. "மீ பில்லலே ராசினாரு கதா மேடம்" என்றார். உங்கள் பிள்ளைகளே எழுதியிருக்கிறார்களே என்று.

வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்து அழுதேன். "இதுக்கா அழுவுறே? ரெண்டு நிமிஷ வேலைம்மா. நான் பாத்துக்கறேன்" என்றாய். மறுநாள் காலையில் திறந்தால் குளத்துக்கு உரிய, பேச்சில் வராத சுத்தமான தெலுங்குச் சொல் அங்கே இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன். உனக்கு அனுப்பிய செய்தியில் பூவெல்லாம் போட்டேன். எப்படி மாற்றினாய் என்று கேட்கத் தோன்றவே இல்லை. கம்பெனியில் இருக்கிறவன், முறைப்படி மாற்றியிருப்பான் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அதே ஆள் ஹெட்மாஸ்டர் அறையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையது ஒன்று, புதியது ஒன்று. புதியதின் அடியில், மாற்றியவர் ரேவதி என்று இருந்தது. விண்ணப்பம் போட்ட பிறகு டீச்சர் ஒரு சிறு பெண்ணை வைத்துப் பொய்யாக மாற்றியிருக்கிறார், இந்தப் பள்ளிக்கூடத்து வரைபடத்தை எப்படி நம்புவது என்று மண்டலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் வராந்தாவிலேயே நின்று உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னதை வரிக்கு வரி நினைவில் வைத்திருக்கிறேன். "என் பேர்ல மாத்தினா காரணம் எழுதணும்மா, மேனேஜர் பாப்பாரு, கெளம்புற நேரத்துல எதுக்குன்னு ஸ்கூல் லாகின்ல போயி மாத்திட்டேன். பசங்க பேர்தானே, ஒண்ணும் ஆவாது." சங்கராந்திக்கு டிவியைச் சரிசெய்ய நான்தான் அந்தக் கடவுச்சொல்லை உனக்குக் கொடுத்தேன். அதோடு உள்ளே போய் ரேவதி எழுதியதை ரேவதி பெயரிலேயே மாற்றியிருக்கிறாய். வேலை சுலபம், உனக்குத் தடயம் இல்லை.

பசங்க பேர்தானே. கண்ணு, அந்த வார்த்தையை நீ எங்கேயிருந்து எடுத்தாய்? நீயும் இதே பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்த பையன்தானே. நிலமில்லாத வீட்டிலிருந்து வந்த நமக்குப் பள்ளிக்கூடத்துப் பதிவில் இருந்த பெயரைத் தவிர வேறு என்ன சொத்து இருந்தது? அதை வைத்துத்தான் நான் திருப்பதிக்குப் போனேன், நீ திருப்பதிக்குப் போய் இன்ஜினியர் ஆனாய். ரேவதிக்கும் அங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும் என்று ஆசை. ஏமாற்றினாள் என்று எழுதி வைத்த பெயரோடு அவள் எங்கே போய் நிற்பாள்? எனக்கு வந்த கோபத்தில் போனைப் பாதியில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீயும் எடுக்கவில்லை.

கோபம் கொஞ்சம் இறங்கின பிறகு யோசித்தேன். இந்தக் குணம் உனக்குப் புதிது இல்லை. நீ மூன்றாவது படிக்கும்போது உன் நைனாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை. ரயிலில் போய் வரும் அலுப்பில் அவர் ஏதோ சொன்னார், நான் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன், பேச்சு நின்றுபோனது. நீ என்னிடம் வந்து, "நைனா சாரி சொன்னாரும்மா, உங்கிட்ட சொல்ல வெக்கமா இருக்குதாம்" என்றாய். அவரிடம் போய் நான் சொன்னதாகச் சொன்னாய். நான் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன், அவர் வரும்போது குப்பத்திலிருந்து பூ வாங்கி வந்தார். சாப்பிடும்போதுதான் இரண்டு பேருமே சாரி சொல்லவில்லை என்று தெரிந்தது. நீ தட்டைப் பார்த்துக்கொண்டு விறுவிறுவென்று தின்றுகொண்டிருந்தாய். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டோம். சத்தமில்லாமல் சரிசெய்கிறவன் என்று உனக்குப் பட்டம் கொடுத்தோம். அன்று அது அழகாகத்தான் இருந்தது, இப்போதும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அன்று நீ எங்கள் வாயில் போட்ட வார்த்தையால் யாருக்கும் காயம் இல்லை. இன்றைக்கு ரேவதி வாயில் போட்டிருக்கிறாய். அவள் அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நிற்கிறாள்.

உனக்கு ஏன் இன்னும் விளங்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. குட்டையைக் காப்பாற்றத்தான் மாற்றினாய், எனக்காகத்தான் மாற்றினாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது நடக்கப்போவது என்ன? தெரியாமல் மாற்றிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று ரேவதி எழுதிக்கொடுத்தால் புகார் முடியும். அதோடு வரைபடம் பழையபடி குன்றுக்குத் திரும்பும். இனி யார் போய்க் குட்டை இருக்கிறது என்றாலும், பள்ளிக்கூடத்தில் பொய் எழுதிய கதைதானே என்பார்கள். தண்ணீரைக் காப்பாற்றச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், அந்த ஊர்த் தண்ணீரை இல்லை என்று சொல்லுகிற சாட்சியாகிவிடும். அந்தச் சொல் எப்படிப் பிசகியது, உங்கள் திருத்தும் பெட்டி என்ன செய்தது, பிறகு யார் எந்த வழியில் மாற்றினார்கள் என்று விளக்கி நிரூபிக்கக்கூடிய ஆள் நீ ஒருவன்தான். நீ சொன்னால் பிள்ளையின் பெயரும் நிற்கும், குட்டையும் நிற்கும். நான் சொன்னால், மகன் செய்ததற்கு அம்மா கதை கட்டுகிறாள் என்று பாதிப் பேர் நினைப்பார்கள். அப்படி நினைத்தாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

உன் நைனா என்னோடு பேசுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், பக்கத்து வீட்டுத் தக்காளித் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நேற்றுக் காலை மட்டும் வாயைத் திறந்தார். "பெத்த புள்ளைய நீயே காட்டிக் குடுப்பியா? நான் சென்ட்ரிங் அடிச்ச ஊர்ல என் புள்ள ஏசி ரூம்ல உக்காந்து வேல செய்யுதுன்னு சொல்லிக்கினு திரியறேன். இப்ப அதுக்கும் மேல போவுது. ஒரு குட்டைக்காக எறக்கிப்புடாதே." அவர் சொல்வதில் தப்பு இருக்கிறது என்று எனக்குச் சொல்ல வரவில்லை. உன் கம்பெனி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. வேலையிலிருந்து விடுவிக்கிற கடிதத்தை நிறுத்தி வைக்கலாம். ஜெர்மனி தள்ளிப்போகலாம், இல்லாமலேயும் போகலாம். நீ பிறந்ததிலிருந்து உனக்குக் கெடுதல் வருகிற எதையும் நான் என் கையால் செய்ததில்லை. பாதியில் இரண்டு முறை இந்தக் கடிதத்தை மூடிவிட்டு எழுந்து போனேன். ஒரு மனது ஹெட்மாஸ்டர் சொல்வதே நல்லது, சின்னப் பிள்ளை, நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்றுகூடச் சொன்னது. அந்த மனதும் என்னுடையதுதான்.

அப்படி இருக்கும்போதுதான் நேற்று மத்தியானம் வகுப்பு விட்ட பிறகு ரேவதி தங்கினாள். டிவியைத் துடைக்கிற சாக்கில் நின்றுகொண்டிருந்தாள். நான் வருகைப் பதிவைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன், அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"மேடம், அண்ணாதானே மாத்துச்சு?" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"யாரும் சொல்லல மேடம். அந்தப் புது வார்த்த எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மொதல்லியே அத்த எழுதியிருப்பேன் இல்ல? லாகின் உங்ககிட்டயும் அண்ணாகிட்டயும்தான் கீது. நீங்க மாத்தியிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பீங்க."

அவள் துணியை மடித்து வைத்தாள். பிறகு, ஏதோ வீட்டுப்பாடத்துக்குத் தீர்வு கண்டுபிடித்தவள் மாதிரிச் சொன்னாள்:

"நான்தான் மாத்தினேன்னு சொல்லிடறேன் மேடம். அண்ணா ஃபாரின் போவணும் இல்ல? எங்க நைனா அடிக்காது, திட்டுறதோட சரி. ஹாஸ்டல் இல்லன்னா இன்னா, நான் குப்பத்துலயே படிச்சிக்கறேன்."

உன் அம்மா அந்த இடத்தில் என்ன செய்தாள் தெரியுமா? வேண்டாம் என்று உடனே சொல்லவில்லை. கொஞ்ச நேரம், ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம், அவள் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகுதான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் எதற்கு அழுகிறீர்கள் மேடம் என்று கேட்டாள். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன், கண்ணு. இன்னும் ஒரு நாள் பேசாமல் இருந்தால் அந்தப் பிள்ளையை நானே அனுப்பிவிடுவேன் என்று எனக்கு என்மேல் பயம் வந்துவிட்டது.

நீ கெட்டவன் இல்லை. உன்னைக் கெட்டவன் என்று யாராவது சொன்னால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போடுவேன். நல்லது செய்ய நினைத்தாய், வெளியே தெரியாமல் செய்ய நினைத்தாய். அந்த இரண்டாவதுதான் கெடுத்தது. நீ போகிற நாட்டில் இதைவிடப் பெரிய பெரிய வேலைகளை உன் கையில் கொடுப்பார்கள். அங்கேயும் ஏதாவது ஒரு பெட்டி ஏதாவது ஒரு ஊர்க் குட்டையைக் குன்றாக்கும். அதைத் திருத்து. ஆனால் திருத்தும்போது உன் பெயரைப் போட்டுத் திருத்து, காரணத்தை எழுதித் திருத்து, நாலு பேர் கேள்வி கேட்டால் கேட்கட்டும். அடுத்தவர் பெயருக்குப் பின்னால் நின்று செய்தால், அங்கே நிற்கிற ஆள் உன் கண்ணுக்குத் தெரிய மாட்டார். ரேவதி உனக்குத் தெரியாமல் போனது அப்படித்தான்.

நாளை சாயங்கால ரயிலில் வந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கலாம். உன் நைனாவை நான் சமாளித்துக்கொள்கிறேன். வந்து விளக்கமெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டாம், சாரியும் வேண்டாம். திங்கட்கிழமை அங்கே எழுந்து நின்று நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். பிறகு உன் கம்பெனிக்கும் நீயே எழுது. என்ன வந்தாலும் நாம் மூன்று பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.

இந்தக் கடிதம் முழுவதிலும் உன் பெயரை நான் எழுதவில்லை, கவனித்தாயா? மறந்து விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். படித்துக்கொண்டு வரும்போது, மாற்றியது யார் என்கிற இடத்தில் நிறுத்துவேன். நீ அங்கே இருந்தால் நீயே எழுந்து சொல். அப்போது அது நீ சொன்னதாக இருக்கும், நான் காட்டிக்கொடுத்ததாக இருக்காது. நீ வராவிட்டால் நானே சொல்வேன். அதுவரைக்கும் அந்த இடத்தில் ரேவதியின் பெயர்தான் இருக்கிறது.

அம்மா